காசாளர் கேட்ட இரண்டாவது கேள்வி

வங்கிகளுக்குக் கணினி வருவதற்கு முன்பு பணம் எடுத்துப் பழகியவர்களுக்கு அந்தப் பித்தளை வில்லை நினைவிருக்கும். காசோலையை நீட்டினால் எழுத்தர் அதை வாங்கிக்கொண்டு, எண் பொறித்த டோக்கன் ஒன்றைத் தருவார். காசோலை உள்ளே போகும். பேரேட்டில் இருப்பைப் பார்ப்பார்கள், கையொப்பத்தை ஒப்பிடுவார்கள், அதிகாரி சுருக்கொப்பமிடுவார். நாம் பெஞ்சில் அமர்ந்து வில்லையை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருப்போம். காசாளர் எண்ணைக் கூவியதும் எழுந்துபோய் வில்லையைக் கொடுத்தால் பணம் கிடைக்கும். ஆனால், அனுபவமுள்ள காசாளர் வில்லையை வாங்கிய உடனே பணத்தைத் தந்துவிட மாட்டார். தலையை நிமிர்த்தாமலேயே 'எவ்வளவு?' என்று கேட்பார். காசோலையில் உள்ள தொகையும் நாம் சொல்லும் தொகையும் பொருந்தினால்தான் ரூபாய் நோட்டுகள் வெளியே வரும்.

அந்த ஒற்றைச் சொல் கேள்வியை இன்றைய இணையதளங்களில் பல கேட்பதில்லை என்பதும், அதனால் கோடிக்கணக்கானோரின் அந்தரங்க விவரங்கள் வெளியே போயிருக்கின்றன என்பதும்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

இணையம் இயங்குவதும் வில்லை முறையில்தான். இணையப் பக்கங்களை அனுப்பிப் பெறும் நெறிமுறைக்கு இயல்பாகவே நினைவாற்றல் கிடையாது. சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி, கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தை அனுப்பியவுடன் அவரை மறந்துவிடும். அடுத்த நொடியே அவர் வேறொரு பக்கத்தைக் கேட்டாலும் புதிதாக வந்த அந்நியராகவே அவரைக் கருதும். ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பதற்கு இது போதுமானதாக இருந்தது. கடை நடத்துவதற்குப் போதவில்லை. 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். சர்வர் ஒரு சிறு குறிப்பை நமது கணினியில் விட்டுவைக்கும்; ஒவ்வொரு முறை நாம் அந்தத் தளத்துக்குச் செல்லும்போதும் பிரௌசர் அந்தக் குறிப்பைத் திருப்பிக் காட்டும். 'குக்கி' என்று நாம் அன்றாடம் கேள்விப்படுவது அதுவே.

கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுத்து நாம் உள்ளே நுழையும்போது, எளிதில் ஊகிக்க முடியாத நீண்ட எண்ணெழுத்துச் சரம் ஒன்றை சர்வர் நமக்கு வழங்குகிறது. நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை 'செஷன்', தமிழில் 'அமர்வு' என்கிறார்கள். அமர்வு முடியும் வரை அந்தச் சரம்தான் நமது வில்லை. கடவுச்சொல் வாசலில் ஒரு முறைதான் கேட்கப்படுகிறது. அதன் பிறகு நடப்பவை எல்லாம் வில்லையின் பேரில் நடப்பவை.

இதில் தவறு இரண்டு விதங்களில் நேரலாம். முதலாவது, வில்லை பிறர் கைக்குப் போவது. 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நிரலாளர் ஒருவர் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு மென்பொருளை வெளியிட்டார். பொது வைஃபை உள்ள இடத்தில் அமர்ந்து அதை இயக்கினால், அதே வைஃபையில் இருக்கும் அடுத்த மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் அவராகவே நுழையலாம். கடவுச்சொல் தேவையில்லை. அன்றைய தளங்கள் பல, கடவுச்சொல்லை மட்டும் மறையாக்கம் செய்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகு வில்லையைத் திறந்தவெளியில் அனுப்பிக்கொண்டிருந்தன. நிறுவனங்களை வெட்கப்பட வைப்பதே அந்த நிரலாளரின் நோக்கம். பெரிய தளங்கள் முழுமையான மறையாக்கத்துக்கு மாறுவதற்கு அந்த வெட்கமும் ஒரு காரணமாயிற்று.

2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் வெளிப்பட்ட குறை இன்னும் விசித்திரமானது. 'என் பக்கம் பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?' என்று பார்க்க உதவும் வசதி ஒன்று அதில் இருந்தது. அந்த வசதியும் காணொலி பதிவேற்றும் வசதியும் ஓரிடத்தில் சந்தித்தபோது, பார்ப்பவருக்கு உரிய வில்லையைத் தருவதற்குப் பதிலாக, எவர் கண்ணால் பார்ப்பதாகப் பாவனை செய்யப்பட்டதோ அவருடைய வில்லையையே சர்வர் தயாரித்துக் கொடுத்துவிட்டது. ஏறத்தாழ 3 கோடிப் பேரின் வில்லைகள் இவ்வாறு களவாடப்பட்டன. முன்னெச்சரிக்கையாக 9 கோடிப் பேரின் அமர்வுகளை ஃபேஸ்புக் முடித்துவைத்தது. அந்த நாளில் காரணமே இல்லாமல் கடவுச்சொல் கேட்கப்பட்டவர்களில் இதை வாசிப்பவர்கள் சிலரும் இருக்கக்கூடும்.

இரண்டாவது விதத் தவறில் திருட்டு வில்லை ஏதுமில்லை. வில்லை உண்மையானது, வந்திருப்பவரும் முறையாக நுழைந்தவரே. அவர் தமது கணக்கைக் கேட்காமல் அடுத்தவர் கணக்கைக் கேட்கிறார். சர்வரோ, வில்லை செல்லுமா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டதைக் கொடுத்துவிடுகிறது. 'இந்தக் கணக்கு உம்முடையதா?' என்று கேட்பதில்லை.

2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிட்டி வங்கிக்கு நேர்ந்தது இதுதான். கடன் அட்டை வாடிக்கையாளர்களுக்கான அதன் இணையதளத்தில் முறைப்படி நுழைந்த சிலர், முகவரிப் பட்டையில் தெரிந்த எண்களில் கணக்கைக் குறிக்கும் பகுதியை மாற்றிப் பார்த்தனர். வேறொருவரின் கணக்கு திறந்தது. மீண்டும் மாற்றினர்; மற்றொன்று திறந்தது. பிறகு அந்த வேலையை ஒரு நிரலிடம் ஒப்படைத்துவிட்டனர். 3,60,000-க்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் வெளியேறின. அவற்றில் சுமார் 3,400 கணக்குகளிலிருந்து 27 லட்சம் டாலர் சுரண்டப்பட்டது. உலகின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்றில் நடந்த இந்தக் கொள்ளைக்குத் தேவைப்பட்ட தொழில்நுட்ப அறிவு, எண்ணத் தெரிந்திருப்பது மட்டுமே.

ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற பெரும் சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனத்தில் அமர்வுகூடத் தேவைப்படவில்லை. வீடு வாங்குபவருக்கு ஆவணங்களைப் பார்ப்பதற்கான இணைப்பு ஒன்று அனுப்பப்படும். அதில் ஆவணத்தின் வரிசை எண் இருக்கும். எண்ணை ஒன்று கூட்டினால் அடுத்த குடும்பத்தின் ஆவணம் திறக்கும். 2003 முதல் சேர்ந்த 88.5 கோடிக் கோப்புகள், வங்கிக் கணக்கு எண்கள், வரி ஆவணங்கள், ஓட்டுநர் உரிமப் படங்கள் உள்பட, இப்படித் திறந்து கிடந்ததை 2019 மே மாதம் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் வெளிப்படுத்தினார். அதைவிட வேதனை, நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினர் அதே ஆண்டு ஜனவரியிலேயே இதைக் கண்டறிந்து அறிக்கையில் எழுதியிருந்தனர் என்பது. அந்த அறிக்கை உயரதிகாரிகளின் மேசையை எட்டவில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் 2021-இல் விதித்த அபராதம் 4,87,616 டாலர். நிறுவனத்தின் ஆண்டு வருவாயோ 600 கோடி டாலருக்கு மேல்.

இவ்வளவு எளிய குறை ஏன் திரும்பத் திரும்ப நேர்கிறது? இணையப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓவாஸ்ப், மென்பொருள்களில் காணப்படும் முக்கியக் குறைகளைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வரிசைப்படுத்துகிறது. 2017 பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறை, 2021-இல் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மறையாக்கமும் கடவுச்சொல் பாதுகாப்பும் வளர்ந்துகொண்டிருக்கும் காலத்திலேதான் இது நிகழ்ந்திருக்கிறது.

நான் அறிந்த நிரலாளர்களிடம் விசாரித்ததில் கிடைத்த விடை, அவர்களுடைய வேலைமுறையிலேயே இருக்கிறது. நிரல் எழுதியவர் தமது கணக்கில் நுழைந்து தமது விவரம் சரியாக வருகிறதா என்று சோதிப்பார். வரும். அத்துடன் சோதனை முடிந்துவிடும். பிறர் விவரம் வராமல் இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்றில் நுழைந்துகொண்டு மற்றொன்றின் எண்ணைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத் தோன்றவும் வேண்டும். பக்கத்தில் பொத்தான் இல்லையென்றால் எவரும் அங்கே போக முடியாது என்று நம்பிவிடுவதும் உண்டு; கதவுக்கு மேல் பெயர்ப் பலகை மாட்டாததால் அறை பூட்டப்பட்டிருப்பதாக எண்ணுவதைப் போன்றது இது. தானியங்கிச் சோதனைக் கருவிகளுக்கும் இக்குறை எளிதில் பிடிபடுவதில்லை. எந்த ஆவணம் யாருக்குச் சொந்தம் என்பது நிறுவனத்தின் நடைமுறை சார்ந்த அறிவு. கருவிக்கு அது தெரியாது. அது காண்பது, முறையான வில்லையுடன் முறையான கோரிக்கை வந்தது, முறையான விடை சென்றது என்பதை மட்டுமே.

சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். தரவுத்தளத்திடம் 'இந்த எண்ணுள்ள ஆவணத்தைக் கொடு' என்று சொல்லும் இடத்தில், 'இந்த எண்ணுள்ளதும், இப்போது நுழைந்திருப்பவருக்கு உரியதுமான ஆவணத்தைக் கொடு' என்று எழுத வேண்டும். ஒரு நிபந்தனை கூடுதல். சிரமம் அந்த வரியை எழுதுவதில் இல்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் ஓரிடம்கூட விடாமல் எழுதுவதில் இருக்கிறது.

இவ்விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடனும் உண்டு. சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய கல்லூரியில், கட்டணச் சலுகைக்கான விண்ணப்பங்களை இணையவழியில் பெறத் தொடங்கியிருந்தோம். ஒருநாள் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். "சார், என் விண்ணப்பப் பக்கத்தின் முகவரியில் கடைசியில் இருக்கிற எண்ணை மாற்றினால் மற்றவர்கள் விண்ணப்பம் எல்லாம் வருகிறது" என்றார். நம்ப மாட்டோம் என்று நினைத்தோ என்னவோ, சான்றாக மூன்று விண்ணப்பங்களை அச்செடுத்தும் வந்திருந்தார். அவற்றில் ஒன்று அவருடைய வகுப்பு மாணவியுடையது. தந்தையின் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் அளித்த வருமானச் சான்றிதழ், தாயின் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அதில் இருந்தன. வீட்டில் நேர்ந்த இழப்பை அந்த மாணவி வகுப்பில் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்குப் பின்னர் தெரிந்தது.

நாங்கள் ஒரு குழு அமைத்தோம். குழு விசாரித்தது மென்பொருளைப் பற்றி அல்ல. பிறருடைய ஆவணங்களை அந்த மாணவர் எப்படிப் பார்க்கலாம் என்பதைப் பற்றி. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் தரப்பட்டு, அதன் நகல் அவரது கோப்பில் சேர்க்கப்பட்டது. கடிதத்தில் இருந்த மூன்று கையொப்பங்களில் மூன்றாவது என்னுடையது. மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்களோ ஒரே பிற்பகலில் குறையைச் சரிசெய்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு கடிதமும் போகவில்லை.

இதே மனப்பான்மையின் பெரிய வடிவத்தைக் கனடாவின் நோவா ஸ்கோஷா மாகாணத்தில் கண்டோம். அங்கே தகவல் அறியும் சட்டத்தின்கீழ் அரசு வெளியிட்ட ஆவணங்களுக்கென ஓர் இணையதளம் இருந்தது. 19 வயது இளைஞர் ஒருவர் முகவரியில் எண்களை வரிசையாக மாற்றிச் சுமார் 7,000 ஆவணங்களைத் தரவிறக்கினார். எல்லாம் பொது ஆவணங்கள் என்றே அவர் எண்ணினார். ஆனால், தனிநபர் விவரங்கள் அடங்கிய சுமார் 250 ஆவணங்களையும் அரசு அதே தளத்தில் பூட்டின்றி வைத்திருந்தது. 2018 ஏப்ரலில் காவல்துறை அவரது வீட்டைச் சோதனையிட்டு அவரைக் கைது செய்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு, மே மாதம், வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று கைவிட்டது. அரசு உரிய கவனத்துடன் நடந்துகொள்ளவில்லை என்று மாகாணத்தின் தணிக்கை அதிகாரியும் தனியுரிமை ஆணையரும் அடுத்த ஆண்டு ஜனவரியில் அறிக்கை தந்தனர்.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதில் புதிர் ஏதும் இல்லை. ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கும்போது அதன் செலவு ஆலையின் கணக்கில் ஏறுவதில்லை; ஆற்று நீரைக் குடிப்பவர் கணக்கில் ஏறுகிறது. இதைப் புறவிளைவு என்கிறோம். இணையப் பாதுகாப்பும் அப்படிப்பட்டதே என்பதை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன் 2001-இல் எழுதிய கட்டுரை விளக்கியது. அவர் காட்டிய சான்று ஏடிஎம் இயந்திரங்கள். 'இந்தப் பணத்தை நான் எடுக்கவில்லை' என்று வாடிக்கையாளர் முறையிட்டால், அமெரிக்காவில் வங்கிதான் அதைப் பொய்யென்று நிரூபிக்க வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பிரிட்டனில் நிரூபிக்கும் பொறுப்பு வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. விளைவாக, பாதுகாப்புக்குக் குறைவாகச் செலவிட்ட அமெரிக்க வங்கிகளில் மோசடி குறைவாகவும், அதிகம் செலவிட்ட பிரிட்டிஷ் வங்கிகளில் அதிகமாகவும் இருந்தது. இழப்பைச் சுமப்பவரிடம் தடுக்கும் ஆற்றலும் இருந்தால்தான் செலவு சரியான இடத்தில் விழும்.

நமது ரிசர்வ் வங்கி இதை உணர்ந்தே செயல்பட்டது. 2017 ஜூலை 6-ஆம் தேதியிட்ட அதன் சுற்றறிக்கைப்படி, வங்கியின் குறைபாட்டால் பணம் போயிருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. வாடிக்கையாளர்தான் தவறிழைத்தார் என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கியே. இது பணத்துக்கு. பணம் போனால் திரும்ப வரவு வைக்கலாம். பிறந்த தேதியையும் ஆதார் எண்ணையும் வருமான விவரத்தையும் எப்படித் திரும்ப வரவு வைப்பது?

இந்த வினா நமக்குத் தொலைவில் இல்லை. 2025 அக்டோபரில், வருமான வரித் துறையின் இணையதளத்தில் இருந்த ஒரு குறை குறித்து டெக்கிரஞ்ச் செய்தித்தளம் எழுதியது. தமது பான் எண்ணுடன் முறையாக நுழைந்த ஒருவர், சர்வருக்குச் செல்லும் கோரிக்கையில் வேறொருவரின் பான் எண்ணை இட்டால், அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு விவரம், ஆதார் எண் ஆகியவை தெரிந்தன. சிட்டி வங்கியில் நடந்த அதே தவறு, பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. 13.5 கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்துள்ள தளம் அது. இரண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்து தெரிவித்ததன் பேரில் அக்டோபர் 2-க்குள் குறை களையப்பட்டது. அந்தத் தளத்தில் நுழைய நாம் எத்தனை ஓடிபி கொடுத்திருந்தாலும், எவ்வளவு கடினமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் இந்தக் குறையிலிருந்து அவை நம்மைக் காத்திருக்க முடியாது. 'ஓடிபியை எவருடனும் பகிராதீர்' என்று நமக்கு நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்புவோர் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. தக்க பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யாத நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் என்கிறது அது. பெரிய தொகைதான். ஆனால், அந்த அபராதம் இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். விவரங்களை இழந்தவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடையாது. கவனக்குறைவான நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கோர ஓரளவேனும் இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இப்புதிய சட்டம் நீக்குகிறது. ஆற்று நீரைக் குடித்தவரை மறந்துவிட்டு ஆலையிடம் அபராதம் வாங்கும் ஏற்பாடு இது. நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும்.

குறையைக் கண்டு சொல்பவரின் நிலையும் நம் நாட்டில் தெளிவாக இல்லை. அனுமதியின்றிக் கணினியை அணுகியவரிடம் இழப்பீடு கோர 43-ஆவது பிரிவு வழிசெய்கிறது. அதில் நேர்மையற்ற நோக்கம் இருந்ததாகக் கருதப்பட்டால் 66-ஆவது பிரிவின்கீழ் 3 ஆண்டுகள் வரை சிறை. நல்லெண்ணத்துடன் பாதுகாப்பு ஆய்வு செய்வோர் மீது வழக்குத் தொடுக்கக் கூடாது என்று அமெரிக்க நீதித் துறை 2022 மே மாதம் தன் அரசு வழக்குரைஞர்களுக்கு வழிகாட்டியது. நெதர்லாந்து 2013-லேயே அத்தகைய நெறிமுறைகளை வகுத்துக்கொண்டது. நம்முடைய கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான 'செர்ட்-இன்' குறைகள் பற்றிய தகவலைப் பெற்றுக்கொள்கிறது என்பது உண்மையே. ஆனால் தகவல் தருபவருக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. அரசுத் தளங்களுக்கான ஒப்பந்தங்களில், இரண்டு கணக்குகளைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றை எட்ட முடிகிறதா எனச் சோதித்த சான்றைக் கேட்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு பத்திக்கு மேல் இதற்குத் தேவைப்படாது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, அந்த எச்சரிக்கைக் கடிதத்தை மாணவரின் கோப்பிலிருந்து நீக்குமாறு முதல்வருக்கு எழுதினேன். அலுவலகத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் தந்தார்கள். அவர் படிப்பை முடித்துச் சான்றிதழ்களைப் பெற்றுச் சென்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன, கோப்பும் கழிக்கப்பட்டுவிட்டது. அவர் இப்போது எங்கிருக்கிறார் என்று எவருக்கும் தெரியவில்லை.